நாவிலே நின்றுவிட்ட சொற்கள்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

பேசும் ஆற்றல் மனிதருக்கு வாய்த்த பெரும்பேறு. காலை எழுந்தது முதல் இரவு உறங்கும் வரை நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம். பேச வேண்டாம் என்று சிஸ்டர் சொன்ன பிறகும் பேசுகிறோம். ஆனால் சொல்ல வேண்டியது இன்னதென்று நன்றாகத் தெரிந்திருந்தும், அது நாக்கின் நுனி வரை வந்திருந்தும், வெளியே வராமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். உலகில் ஏறத்தாழ நூறு பேருக்கு ஒருவர் இவ்வாறு திக்கிப் பேசுகிறார். அவர்களுள் அமெரிக்காவில் வாழும் கறுப்பின மக்களைப் பற்றி இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். எங்கோ இருக்கும் அவர்களைப் பற்றி எதற்கு என்று தோழியர் கேட்கலாம். பாப் லவ் என்ற கூடைப்பந்து வீரரின் வாழ்க்கையை அறிந்ததே காரணம். எனவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

பாப் லவ் 1942-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள லூசியானா மாநிலத்தில் பிறந்தார். அக்காலத்தில் அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, வெள்ளையினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி. பேருந்திலும் உணவு விடுதியிலும்கூட இரு சாராருக்கும் தனித்தனி இடம். போதாக்குறைக்கு அவருக்குச் சிறு வயது முதலே திக்குவாய். ஆனால் பந்து கைக்கு வந்துவிட்டால் அவரைத் தடுப்பார் யாருமில்லை. 1968 முதல் 1976 வரை சிகாகோ புல்ஸ் அணியில் ஆடினார். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் அந்த அணியில் மிகுதியான புள்ளிகள் எடுத்தவர் அவரே. நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களை மட்டும் தேர்ந்து நடத்தும் 'ஆல் ஸ்டார்' ஆட்டத்தில் 1971, 1972, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளும் இடம் பெற்றார்.

இத்தனை புகழுக்கு நடுவே ஒரு குறை. ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையாளர்கள் ஓடி வருவார்கள். அதிகப் புள்ளி எடுத்தவரை விட்டுவிட்டு, அவருக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் போய்க் கேள்வி கேட்பார்கள். இவர் பதில் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்க அவர்களுக்கு நேரம் இல்லை. மற்ற வீரர்களுக்கு வந்த விளம்பர வாய்ப்புகளும் இவருக்கு வரவில்லை. 1977-இல் முதுகு வலி காரணமாக விளையாட்டை விட்டார். அதன் பிறகுதான் உண்மையான துன்பம் ஆரம்பமாயிற்று. வேலை கேட்டுப் போன இடங்களிலெல்லாம் முதலில் நேர்முகப் பேச்சு. அங்கே வாயைத் திறந்தவுடன் எல்லாம் முடிந்துவிடும். பட்டதாரியாக இருந்தும் நிலையான வேலை கிடைக்கவில்லை. கடைசியில் தமது 42-ஆம் வயதில், சியாட்டில் நகரத்தில் நார்ட்ஸ்ட்ராம் என்னும் பெரிய துணிக்கடையின் உணவகத்தில், மேசை துடைக்கவும் பாத்திரம் கழுவவும் சேர்ந்தார். கூலி மணிக்கு 4 டாலர் 45 சென்ட். சாப்பிட வந்தவர்களில் சிலர் அவரை அடையாளம் கண்டு, அவர் காதுபடவே, "அது பாப் லவ் அல்லவா? பாவம்!" என்று பேசிக்கொண்டார்களாம்.

பாத்திரம் கழுவுவது இழிவு என்று நான் சொல்ல வரவில்லை. எந்தத் தொழிலும் தொழிலே. ஆனால் அந்தத் தொழிலை அவர் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. பேச வேண்டாத வேலை அது ஒன்றுதான் என்பதால் அங்கே தள்ளப்பட்டார். இதுதான் என் மனத்தில் தைத்தது.

அக்கடையின் உரிமையாளர் குடும்பத்தினர் அவருடைய உழைப்பைக் கவனித்தார்கள். மேலே உயர்வதற்குப் பேச்சுதான் தடை, பயிற்சிக்கு ஆகும் செலவை நாங்கள் ஏற்கிறோம் என்றார்கள். நாற்பது வயதைக் கடந்த மனிதர் ஒரு பேச்சு மருத்துவரிடம் சென்று, மூச்சு விடுவதிலிருந்து ஒவ்வொன்றாகக் கற்றார். பிறகு அதே நிறுவனத்தில் உயர்ந்தார். 1990-களின் தொடக்கத்தில் சிகாகோ புல்ஸ் அணியே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. எந்த வேலைக்குத் தெரியுமா? பள்ளிகளுக்கும் பொதுக்கூட்டங்களுக்கும் சென்று அணியின் சார்பாகப் பேசும் வேலைக்கு! 1994-இல் அவர் அணிந்த 10-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி அவரைச் சிறப்பித்தது. 2024 நவம்பரில், 81-ஆம் வயதில் அவர் காலமானார்.

இனி, திக்குவாய் என்பது என்ன என்று சற்றுப் பார்ப்போம். சிலர் 'அ-அ-அம்மா' என்று ஓர் ஒலியையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். சிலர் ஒலியை நீட்டுவார்கள். சிலருக்கு ஒலியே எழாது. வாய் திறந்தபடி, தொண்டையில் யாரோ கதவைச் சாத்தியது போல் நின்றுவிடும். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் இது தொடங்குகிறது. அவ்வாறு தொடங்கிய குழந்தைகளில் நாலில் மூன்று பேருக்குத் தானாகவே சரியாகிவிடுகிறது. எஞ்சியவர்களுக்கு அது நிலைக்கிறது. வளர்ந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற கணக்கில் இருக்கிறார்கள். இக்கட்டுரையில் வருபவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருப்பது அதனால்தான். பயத்தினாலோ, தாய் சரியாக வளர்க்காததாலோ, அறிவுக் குறைவாலோ இது வருவதில்லை. மூளையில் பேச்சை நடத்தும் பகுதிகள் இணைந்து வேலை செய்யும் முறையில் உள்ள சிறு வேறுபாடே இதற்கு அடிப்படை. பரம்பரையாக வருவதும் உண்டு. 2010-இல் இதனோடு தொடர்புடைய சில மரபணுக்களையும் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர்.

திக்கிப் பேசுபவரும் பேச்சு அறிஞருமான ஜோசப் ஷீஹன் என்பவர் 1970-இல் திக்குவாயைக் கடலில் மிதக்கும் பனிமலைக்கு ஒப்பிட்டார். வெளியே தெரிவது சிறு பகுதி. அதுதான் நாம் கேட்கும் தடுமாற்றம். நீருக்கடியில் மறைந்திருப்பதோ வெட்கமும், அச்சமும், ஒளிந்துகொள்ளுதலும். இதை நான் புத்தகத்தைப் படித்து மட்டும் சொல்லவில்லை. எனக்கும் சில எழுத்துகளில் திக்கும். என் வகுப்புத் தோழிகளில் பலருக்கு இது தெரியாது. ஏனென்றால் வராத சொல்லை விட்டுவிட்டு வேறு சொல்லை எடுத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரி. கடலை மிட்டாய் வாங்கக் கடைக்குப் போய், 'க' வராமல், எள்ளுருண்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த நாட்கள் எத்தனையோ. எனக்கு எள்ளுருண்டை என்றால் உயிர் என்று என் அம்மா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். இதைப் படித்தபின் அறிந்துகொள்வார்.

'வாழ்க்கைத் தரம்' என்று சொன்னால் வீடு, வாகனம், வருமானம் என்றுதான் நமக்குத் தோன்றும். பேச்சு மருத்துவர்கள் அச்சொல்லை வேறு பொருளில் வழங்குகிறார்கள். ஒருவர் நிமிடத்திற்கு எத்தனை முறை திக்குகிறார் என்று மட்டும் எண்ணுவது போதாது. அத்திக்குதலால் அவர் எதையெதை விட்டுக்கொடுத்தார் என்று கேட்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. 2006-இல் யாரஸ், க்வெசல் என்ற இரு அறிஞர்கள் இதற்கென நூறு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டனர். திக்குதலைப் பற்றி உமக்கு என்ன தெரியும், அதை நினைத்தால் உமக்கு என்ன தோன்றுகிறது, வீட்டிலும் வேலையிலும் தொலைபேசியிலும் பேசுவது எவ்வளவு கடினம், உம் வாழ்க்கையின் நிறைவை அது எவ்வளவு குறைத்திருக்கிறது என்று நான்கு பகுதிகளாக அது கேட்கிறது. அதிகம் திக்கியும் மகிழ்ச்சியாக வாழ்பவர் இருக்கலாம். ஏறக்குறைய திக்காமலே பேசி, எள்ளுருண்டை தின்றே காலம் தள்ளுபவரும் இருக்கலாம்.

கறுப்பின மக்களிடம் திக்குவாய் அதிகமா? அதிகம் என்று முன்பு சிலர் எழுதியதுண்டு. 2008-இல் இல்லினாய் மாநிலத்தில் பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டாத 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களில் பெரும்பான்மையினர் கறுப்பினக் குழந்தைகள். நூற்றுக்கு இரண்டரைக் குழந்தைகள் திக்கினார்கள். கறுப்பினக் குழந்தைகளுக்கும் வெள்ளையினக் குழந்தைகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. ஆகவே நாவிலே வேற்றுமை இல்லை. வேற்றுமை கேட்பவரிடத்திலும் சூழ்நிலையிலும் இருக்கிறது.

அதற்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்க மக்கள் அங்கே அடிமைகளாக விற்கப்பட்டனர். எவரேனும் தப்பி ஓடிவிட்டால் எசமானர் செய்தித்தாளில் விளம்பரம் கொடுப்பார். உயரம், நிறம், உடலிலுள்ள தழும்பு, உடுத்தியிருந்த ஆடை ஆகியவற்றோடு, 'திக்கிப் பேசுவான்' என்று சில விளம்பரங்களில் அடையாளம் குறித்திருக்கிறார்கள். காட்டு வழியாக இரவெல்லாம் நடந்து தப்பிய ஒருவர், வழியில் யாரேனும் 'நீ யார்?' என்று கேட்டால் என்ன செய்திருப்பார்? தம் பெயரை மாற்றிச் சொல்லலாம், ஆடையை மாற்றலாம். திக்குவதை எங்கே கொண்டுபோய் மறைப்பது? வாய் திறந்தால் பிடிபடுவார்.

இன்று அடிமை முறை இல்லை. அது சட்டப்படி 1865-இலேயே ஒழிக்கப்பட்டது. ஆயினும் அந்நாட்டில் ஒரு கறுப்பின இளைஞரைக் காவலர் நிறுத்திப் பெயர் கேட்கும்போது, அவர் உடனே பதில் சொல்ல முடியாமல் நிற்பது ஆபத்தானது. திக்குகிறவருக்கு எல்லாச் சொற்களிலும் கடினமானது பெரும்பாலும் சொந்தப் பெயர்தான். அதற்கு மாற்றுச் சொல் இல்லை அல்லவா? தயங்கினால் பொய் சொல்கிறான் என்பார்கள். முகம் கோணினால் குடித்திருக்கிறான் என்பார்கள். வெள்ளையின இளைஞர் திக்கினாலும் இத்தொல்லை உண்டுதான். ஆனால் நிறத்தைக் கண்டே ஐயுறும் கண்களுக்கு முன்னால் திக்குவது இரட்டைச் சுமையாகிறது.

சொந்த மக்களிடையே இருக்கும்போதும் ஒரு சங்கடம் உண்டு. கறுப்பின மக்கள் பேச்சைக் கொண்டாடுகிறவர்கள். அவர்களுடைய ஆலயங்களில் போதகர் ஒரு வாக்கியம் சொன்னால் சபையார் உடனே உரத்த குரலில் பதில் கொடுப்பார்கள். பிரசங்கம் ஒரு பாட்டைப் போல ஏறி இறங்கும். மார்ட்டின் லூதர் கிங் போன்ற பேச்சாளர்கள் அந்த ஆலயங்களிலிருந்து வந்தவர்கள். தெருவில் சிறுவர்கள் ஒருவரையொருவர் வேடிக்கையாக வசை பாடி, யார் உடனுக்குடன் பதில் கொடுக்கிறார் என்று போட்டியிடும் 'டஸன்ஸ்' என்ற விளையாட்டும் உண்டு. நம் ஊர் எசப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு நொடி தாமதித்தவன் தோற்றான். இத்தகைய இடத்தில் நாவு நிற்கும் பையனின் நிலை என்ன?

ஆனால் அதே ஆலயங்களில் மிகுதியாகப் போற்றப்படுகிறவர் மோசே என்பதை நினைக்க எனக்கு வியப்பாக இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து மக்களை மீட்டவர் என்பதால், அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் அவரைத் தங்கள் பாடல்களில் பாடினார்கள். அடிமைகள் பலரை இரவோடிரவாக அழைத்துச்சென்று காப்பாற்றிய ஹேரியட் டப்மன் அம்மையாரையும் 'மோசே' என்றே அழைத்தார்கள். அந்த மோசேயோ, தமக்குப் பேச்சு வராது, வேறு யாரையாவது அனுப்பும் என்று கடவுளிடமே வாதாடியவர். துணைக்கு ஆரோன் கிடைத்தார். அவருக்கு இருந்தது திக்குவாய்தான் என்று திருநூல் தெளிவாகச் சொல்லவில்லை. ஆயினும் மறைக்கல்வி வகுப்பில் அந்தப் பகுதி வரும்போதெல்லாம் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

உதவி கிடைப்பதிலும் சிக்கல் இருந்தது. ஊனமுற்ற குழந்தைகளுக்குப் பொதுப் பள்ளிகள் தக்க கல்வியையும் பேச்சுப் பயிற்சி முதலிய உதவிகளையும் இலவசமாக அளிக்க வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் 1975-இல்தான் வந்தது. பாப் லவ் பள்ளியில் படித்த காலத்தில் அது இல்லை. சட்டம் வந்த பிறகும் ஒரு குழப்பம் எழுந்தது. கறுப்பின மக்கள் வீட்டில் பேசும் ஆங்கிலத்திற்கென்று தனி இலக்கணமும் ஓசையும் உண்டு. அதையே குறை என்று எண்ணிச் சில பள்ளிகள் நல்ல பிள்ளைகளைக் குறையுள்ளவர்களின் பட்டியலில் சேர்த்தன. மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். பிள்ளைகளின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் அறிந்து, அதற்கேற்பப் படிப்புச் சொல்லித்தர வேண்டும் என்று 1979-இல் நீதிபதி தீர்ப்பளித்தார். பேச்சு மருத்துவர்களின் சங்கமும், எந்த வட்டார வழக்கும் நோய் அல்ல என்று 1983-இல் அறிவித்தது. வழக்கு வேறு, திக்குவாய் வேறு என்று பிரித்தறியத் தெரிந்தவர் இருந்தால்தான் உண்மையில் திக்கும் பிள்ளைக்கு உதவி போய்ச் சேரும். அமெரிக்கப் பேச்சு மருத்துவர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை.

அந்தச் சிலரில் ஒருவர் டெட்ராய்ட் நகரிலுள்ள வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டெரெக் டேனியல்ஸ். அவரும் திக்கிப் பேசுபவர். திக்கும் கறுப்பின ஆண்கள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், படிப்பு, வேலை முதலிய முடிவுகளை எப்படி எடுத்தார்கள் என்று அவர்களிடமே உட்கார்ந்து கேட்டு, 2006-இல் தம் தோழர்களுடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் ஆளைக் கேட்டார் என்பதே அதில் எனக்குப் பிடித்தது.

இனி, நம்மில் பலர் குரலை மட்டும் அறிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 1994-இல் வந்த 'லயன் கிங்' என்ற ஆங்கிலப் படத்தில் முஃபாசா என்னும் அரசச் சிங்கத்திற்குக் குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ். இடி முழங்குவது போன்ற அந்தக் குரல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பேசாமல் கிடந்த குரல் என்றால் நம்புவீர்களா? அவர் 1931-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். சிறு பிள்ளையாக இருக்கும்போது தாத்தா பாட்டியுடன் வடக்கே மிச்சிகனில் ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே திக்குவாய் முற்றியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். பள்ளியில் எல்லாவற்றையும் எழுதியே காட்டினார். பண்ணையிலிருந்த மிருகங்களோடு மட்டும் பேசுவாராம், அவை சிரிப்பதில்லை.

உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு டொனால்ட் க்ரௌச் என்ற ஆங்கில ஆசிரியர் வாய்த்தார். ஒருமுறை ஜோன்ஸ் பம்பளிமாஸ் போன்ற ஒரு பழத்தைப் பற்றிக் கவிதை எழுதினார். ஆசிரியர் படித்துவிட்டு, "இது மிக நன்றாக இருக்கிறது, நீ எழுதியதுதான் என்று எப்படி நம்புவது? பார்க்காமல் வகுப்பின் முன் சொல்லிக் காட்டு" என்ற பொருள்படச் சவால் விட்டார். திருடன் என்ற பெயர் வரக்கூடாதே என்று மாணவர் எழுந்து நின்றார். சொன்னார். ஒரு சொல்லும் நிற்கவில்லை. அன்று அவர் மட்டுமல்ல, வகுப்பு முழுவதும் திகைத்துப்போயிற்று.

இது மாயம் அன்று. மனப்பாடமான வரிகளைத் தாளத்தோடு சொல்லும்போதும், பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் திக்குதல் பெரிதும் குறைந்துவிடும். காலை வணக்கக் கூட்டத்தில் செபம் சொல்லும்போது நான் ஒருநாளும் திக்கியதில்லை. ஆனால் ஜோன்ஸ் அன்றோடு குணமாகிவிட்டார் என்று எழுதினால் அது தவறு. தாம் இன்னும் திக்குவாய்க்காரரே, சொற்களைத் தேர்ந்தெடுத்துப் பேசுகிறேன் என்று முதுமையிலும் சொல்லிவந்தார். நாடகத்திற்கு உயர்ந்த பரிசான டோனி விருதை 1969-இலும் 1987-இலும் பெற்று, 2024 செப்டம்பரில் 93-ஆம் வயதில் மறைந்தார்.

பாடகர் பில் விதர்ஸ் 1938-இல் மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். அவரும் திக்கினார். கடற்படையில் ஒன்பது ஆண்டுகள் இருந்த காலத்தில்தான் அதிலிருந்து ஒருவாறு மீண்டார். முப்பது வயதைக் கடந்த பிறகே, 1971-இல், அவருடைய முதல் இசைத்தொகுப்பு வந்தது. அதுவரை விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்.

இவர்கள் புகழ் பெற்றவர்கள். புகழ் பெறாமல், பேசாத வேலையிலேயே காலம் கழித்தவர்கள் எத்தனை பேரோ! அவர்களுடன் பேசுகிறவர்கள் செய்யக்கூடியது அதிகமில்லை. வாக்கியத்தை நாம் முடித்து வைக்க வேண்டாம். 'மெதுவாகச் சொல்', 'மூச்சை இழுத்துவிட்டுச் சொல்' என்று உபதேசிக்கவும் வேண்டாம். அது நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் கேட்கும்போது இன்னும் இறுகும். கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல் காத்திருந்தால் போதும்.

காத்திருப்பதைப் பற்றிப் பேசுகையில் ஜெரோம் எல்லிஸ் என்ற இசைக் கலைஞரைச் சொல்லாமல் விட முடியாது. கரீபியத் தீவுகளிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கறுப்பினக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 2020 புத்தாண்டு நாளன்று நியூயார்க் நகரில் ஓர் ஆலயத்தில் நடந்த கவிதை நிகழ்ச்சிக்கு அவரை அழைத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே என்று விதி. அவர் மேடையேறி, இவ்விதி எல்லாரையும் சமமாக நடத்துவது போலத் தோன்றினாலும், திக்கிப் பேசுபவருக்குத் தம் நேரம் எவ்வளவு ஆகும் என்று தமக்கே தெரியாது என்பதை எடுத்துரைத்தார். வேண்டுமென்றே அந்த நேரத்தைத் தாண்டினார். முன்பு சொன்ன அடிமை விளம்பரங்களைத் தேடிப் படித்து, அவற்றில் திக்குபவர்கள் என்று குறிக்கப்பட்ட முன்னோரை நினைவுகூர்ந்து 2023-இல் ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார்.

அவருக்கும் மிகக் கடினமான சொல் அவருடைய பெயர்தான். ஆகவே அதை மறைக்காமல், முதல் எழுத்தை ஐந்து முறை போட்டே தம் பெயரை எழுதுகிறார். புத்தக அட்டையிலும் அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். இதை அறிந்த அன்று மாலை, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் பெயரை அவ்வாறு எழுதிப் பார்த்தேன். எனக்கு மூன்று எழுத்துப் போதுமாயிருந்தது.